நிறுவனரின் பக்தி

நான் செத்துப்போன செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் டெல்மர். அப்போது நான் அவர் தட்டில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கீழே போடவில்லை. அந்த அளவுக்கு எனக்கு நிதானம் இருந்தது.

டெல்மர் எங்கள் ஊர் நகரசபை உறுப்பினர். சான் ரமோனைத் தாண்டி ஃப்ரீவேயில் கொஞ்ச தூரம் போனால் எங்கள் ஊர். பெயரைச் சொன்னால் வம்பு, வேண்டாம். அந்த இரண்டாயிரமாவது வருஷம் அவர் மாநிலச் சட்டசபைத் தேர்தலுக்கும் நின்றார். நான் சேனாபதி. பொள்ளாச்சிப் பக்கம். அறுபத்தொன்பதில் இந்த நாட்டுக்கு வந்து, ஒரு மின்சாரக் கம்பெனியில் கடைசிவரை எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது எல்லார் மேலும் எரிந்து விழுவதை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று என் மனைவி சாந்தாமணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

எங்கள் ஊர்த் தமிழ் மன்றத்தைத் தொடங்கியவர்கள் நானும் என் சிநேகிதன் திருமூர்த்தியும். எண்பத்தொன்றில் வால்நட் காயவைக்கும் பழைய கொட்டகை ஒன்று மலிவாக வந்தது. வாங்கினோம். எதற்கு? சீட்டாட. இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. வீட்டில் ஆடினால் பெண்டாட்டிகள் பொரிந்து தள்ளினார்கள். சனிக்கிழமை மத்தியானம் கோழி பிரியாணி, அப்புறம் ரம்மி, தோற்றவன் அடுத்த வாரத்துக் கோழிக்குப் பொறுப்பு. இதுதான் எங்கள் கொள்கை, கோட்பாடு எல்லாம். குழந்தைகள் காலைச் சுற்றிக்கொண்டு ஓடின. அவர்களை ஓரிடத்தில் உட்கார வைக்கத் தமிழ் வகுப்பு என்று ஒன்றை ஆரம்பித்தோம். திருமூர்த்தி இந்தியாவுக்குப் போகும்போதெல்லாம் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்து பின்னறையில் அடுக்குவான். மிளகாய்த்தூளுக்கு இடமில்லாமல் போகிறது என்று அவன் மனைவி புஷ்பவல்லி ஏர்போர்ட்டிலேயே சண்டை போடுவாள்.

தொண்ணூற்று நான்கில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த திருமூர்த்தி மாரடைப்பில் போய்விட்டான். புஷ்பவல்லி மகனோடு நியூ ஜெர்சிக்குப் போனாள். எனக்கு அப்புறம் சீட்டில் மனம் போகவில்லை. சனிக்கிழமைகளில் அந்தப் பின்னறையில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பேன். அவர்கள் போனபிறகு, அவன் புத்தக ஓரங்களில் பென்சிலால் கிறுக்கி வைத்த வசவுகளைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆசிரியர்களோடு அவன் போட்ட சண்டையெல்லாம் அங்கே இருந்தது. அந்த ஓர் அறை எனக்கு இருந்தால் போதும்; கட்டடத்தின் மற்ற பகுதியை யார் என்ன செய்தாலும் சரி என்றிருந்தேன்.

செய்தார்கள். கம்ப்யூட்டர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிய வருஷங்கள் அவை. முதலில் ஒரு பிள்ளையார் வந்தார். பிள்ளையாரை யார் வேண்டாம் என்பார்கள்? பிறகு முருகன் வந்தார். முருகன் வந்தால் பெருமாள் வர வேண்டாமா என்று கேட்டார்கள். பெருமாளும் தாயாரும் வந்தார்கள். கோழி வெளியே போனது. மன்றத் தலைவராக கஸ்தூரிரங்கன் வந்தார். மயிலாப்பூர்க்காரர், மில்பிடாஸில் ஒரு சிப் கம்பெனியில் பெரிய மேனேஜர், நல்ல உழைப்பாளி. நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். கோயிலுக்குப் போனால் வெளியே செருப்புக்குக் காவலாக நிற்பேன். சொந்தக் கட்டடத்திலேயே அந்த வேலை கிடைத்ததில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

பிறகு பார்க்கிங் தகராறு வந்தது. தெருக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். அந்தத் தெருவில் வழிபாட்டுத் தலம் இருக்கலாம், கிளப் இருக்கக் கூடாது, நீங்கள் இரண்டில் எது, பர்மிட் வாங்குங்கள், இல்லாவிட்டால் மூடுங்கள் என்று நகரசபை சொல்லிவிட்டது.

மார்ச் மாதம் நகரசபையில் முதல் ஹியரிங். டெல்மர் டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

“இந்த நாட்டை நிறுவியவர்கள் தினமும் காலையில் முழங்காலிட்டு ஜெபித்தவர்கள். ஒரு கையில் பைபிளும் மறு கையில் பேனாவுமாக அரசியல் சட்டத்தை எழுதியவர்கள். அவர்கள் இன்று நம்மோடு இருந்தால், இந்தத் தெருவில் வரப்போவதைப் பார்த்து என்ன சொல்வார்கள்?”

கூட்டம் தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடியுரிமைக்காக நான் உருப்போட்டுப் படித்த சட்டம் அது. அதில் வரி வரியாகத் தேடினாலும் கடவுளுக்கு ஒரு கும்பிடு கிடைக்காது. என் மகள் கயல் பெர்க்லியில் சரித்திரம் படிக்கிறாள். பக்கத்தில் இருந்தவள் என் காதில், “டாட், ஒன் ஆஃப் தெம் டுக் எ ரேஸர் டு த பைபிள்” என்றாள். அவர்களில் ஒருவர் சவரக்கத்தியை வைத்து பைபிளில் இருந்த அற்புதங்களையெல்லாம் வெட்டியெறிந்துவிட்டு, மிச்சத்தை ஒட்டித் தனக்கென்று ஒரு புத்தகம் செய்துகொண்டாராம். எனக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப்போனது. இரண்டு வார்த்தை பேசலாம் என்று எழுந்தேன். கஸ்தூரிரங்கன் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். முடிவை அக்டோபருக்குத் தள்ளிவைத்தார்கள்.

கார் நிறுத்திய இடத்தில் கஸ்தூரிரங்கன் என்னைத் தனியாக ஓரம் கட்டினார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

“சார், அவன் ஃபவுண்டர்ஸ் ஃபவுண்டர்ஸ்னு சொன்னப்போ எல்லாரும் எப்படித் தலையை ஆட்டினா, பாத்தேளா? இந்த ஊர்ல ஃபவுண்டர் என்ன நம்பினார்ங்கறதுக்குத்தான் சார் வேல்யூ. நமக்கும் ஃபவுண்டர் இருக்காரே.”

“அது யாருங்க?”

“நீங்கதான்.”

“நான் சீட்டாடறதுக்கு வாங்குன எடமுங்க அது.”

“ஐயோ, அதை வெளியில சொல்லிடாதீங்கோ. ஆரம்பத்துலேர்ந்தே இது கோயில்தான்னு நாம எஸ்டாப்ளிஷ் பண்ணணும். இல்லேன்னா பில்டிங்கே போயிடும். உங்க புஸ்தக ரூமும் சேர்ந்து போயிடும்.”

அந்தக் கடைசி வார்த்தையில் நான் விழுந்தேன்.

“பர்மிட் வந்தா அந்த ரூமத் தொட மாட்டீங்களே?”

“பெருமாள் மேல ஆணையா தொட மாட்டோம், சார். நீங்க ஒண்ணுமே பேச வேண்டாம். சும்மா இருந்தா போறும்.”

நான் நம்பாத பெருமாள் மேல் வைத்த ஆணையை நான் நம்பினேன். அப்படிப்பட்ட புத்திசாலி நான்.

அதற்குப் பிறகு என் பக்தி நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்தது. மன்றத்தின் மாதப் பத்திரிகையில் நிறுவனர் ஏகாதசி தவறாமல் பட்டினி கிடப்பவர் என்று போட்டிருந்தார்கள். அடுத்த மாதம், வால்நட் மரத்தடியில் அவர் தூங்கியபோது கனவில் பெருமாள் வந்து இடத்தைக் காட்டினார் என்று வந்தது. முருகன் கோஷ்டிக்கு இது பொறுக்கவில்லை. கனவில் வந்தது வேலும் மயிலும்தான் என்று சண்டைக்கு வந்தார்கள். கமிட்டி இரண்டு வாரம் கூடிப் பேசி, ஒரே தூக்கத்தில் இரண்டு பேருமே வந்து போனதாகச் சமரசம் செய்துகொண்டது. தூங்கியவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“ஏனுங்க, உங்க கனவுல முருகன் வந்தாராமா? எங்கிட்டச் சொல்லவே இல்ல” என்றாள் சாந்தாமணி. அவள் கும்பிடுகிற சாமி. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்திருக்கலாம்.

“எனக்கே இப்பத்தான் தெரியும்” என்றேன்.

நிறுவனருக்கு ஒரு படம் வேண்டும் என்றார்கள். கஸ்தூரிரங்கனின் மனைவி பர்வதம், நியூ ஜெர்சியிலிருந்த புஷ்பவல்லிக்கு போன் போட்டு, பழைய போட்டோ ஒன்றை வாங்கிப் பெரிதாக்கி ஃப்ரேம் போட்டுவிட்டாள். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எண்பத்திரண்டில் புஷ்பவல்லி எடுத்த படம். கண் பாதி மூடித் தாழ்ந்திருக்கிறது, உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு, முகம் முழுக்க ஒரு லயிப்பு. மார்புக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். வெட்டிய பாகத்தில், என் கையில் விரித்துப் பிடித்த ரம்மிச் சீட்டுகள் இருந்தன.

“சாட்சாத் தியானத்துல இருக்காப்ல இருக்கு” என்றாள் பர்வதம். நல்ல மனுஷி, மனதாரச் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

செப்டம்பரில், விநாயகர் சதுர்த்திக்கு அடுத்த ஞாயிறு, நிறுவனர் தினம் என்று விழா வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் டெல்மர். மார்ச்சுக்கும் செப்டம்பருக்கும் இடையில், இந்த சாஃப்ட்வேர்க்காரர்களில் பலர் சிட்டிசன்கள், ஓட்டுப் போடுகிறவர்கள், தேர்தல் நிதிக்கு மனம் கோணாமல் கொடுக்கிறவர்கள் என்று யாரோ அவருக்கு ஓதியிருக்க வேண்டும். அவருடைய நிறுவனர்களும் அதற்குத் தகுந்தாற்போல் மாறிக்கொண்டே வந்தார்கள். ஜூலையில் ஒரு தொழில் வளாகத்து மதியச் சாப்பாட்டில் பேசும்போது, நாட்டை நிறுவியவர்கள் ஸ்டார்ட்-அப் ஆரம்பித்தவர்களைப் போல, வேதத்தைவிடத் தங்கள் ஐடியாவை நம்பியவர்கள் என்றாராம். ஜெபித்து ஜெபித்து முழங்கால் தேய்ந்தவர்கள், நாலே மாதத்தில் எழுந்து நின்று பங்கு விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

விழா அன்று மண்டபத்துக்குள் நுழைந்ததும் சாந்தாமணி என் கையைப் பிடித்து இழுத்தாள். சுவரில் என் படம். படத்துக்குச் சந்தனமாலை. கீழே குத்துவிளக்கு. மேலே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு.

“உசுரோட இருக்கற மனுசன் போட்டோவுக்கு மாலை போட்டு வெளக்கேத்தி வெச்சிருக்காங்க. நீங்க பாத்துட்டுச் சும்மா நிக்கறீங்க. எனக்கு நெஞ்சே பதறுதுங்க.”

கஸ்தூரிரங்கன் ஓடி வந்தார். “மாமி, தப்பா எடுத்துக்காதீங்கோ. மெட்ராஸ்லேர்ந்து சாமி படத்துக்கு வந்த மாலைல ஒண்ணு மிஞ்சிப்போச்சு. மரியாதைக்குப் போட்டது.”

“மரியாதைக்குக் கழுத்துல போடறதுங்க. போட்டோவுல போடறது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

அதற்குள் வாசலில் டெல்மர் வந்துவிட்டார், மாலையைக் கழற்ற நேரமில்லை. கஸ்தூரிரங்கன் கும்பிட்டுக்கொண்டே ஓடினார். டெல்மர் ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸில் இருந்த ஓட்டையை மறைத்தபடி உள்ளே வந்தார். கூடவே அவருடைய உதவியாளராக ஒரு பெண். அவள் என் படத்தைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், அவர் காதில் ஏதோ சொன்னாள். இந்தியர்களைப் பற்றி எங்கோ படித்திருக்கிறாள், பாவம், சரியாகத்தான் படித்திருக்கிறாள். டெல்மர் படத்துக்கு முன்னால் தலை குனிந்து நின்றார். அவருக்கு அடுத்த கூட்டம் இருந்ததால் சாப்பாட்டை முதலில் வைத்துக்கொண்டோம். ஆள் பற்றாக்குறை என்று என் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்திருந்தார்கள்.

“இந்த சூப் அருமை” என்றார் டெல்மர். பிறகு குரலைத் தாழ்த்தினார். “உங்கள் நிறுவனர் மறைந்தது பெரிய இழப்பு.”

கரண்டி அந்தரத்தில் நின்றது. “எப்போது மறைந்தார்?” என்று கேட்டேன்.

“சமீபத்தில்தான். கடைசி நாட்களில் அவரோடு மனம் விட்டுப் பேசும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.”

“என்ன பேசினார்?”

“கடவுளைப் பற்றித்தான். வேறு எதைப் பற்றியும் அவர் பேசவில்லை. உங்களுக்கு அவரைத் தெரியுமா?”

“கொஞ்சம் பழக்கம்.”

“எப்படிப்பட்ட மனிதர்?”

“கோபக்காரர்” என்று சொல்லி, அடுத்த வார்த்தையாக என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். கஸ்தூரிரங்கன் என் காலை நன்றாக மிதித்தார். ஷூ இல்லாத கால் என்பதால் பிழைத்தேன்.

மேடையில் டெல்மருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் பேசினார். இந்த நாட்டை நிறுவியவர்கள் கிழக்கின் ஞானத்தைப் போற்றியவர்களாம். இன்று இருந்தால் இந்த மண்டபத்துக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நம்மோடு தரையில் உட்கார்ந்திருப்பார்களாம். எங்கள் நிறுவனரும் அதே ரகம், அந்தப் பெரிய மனிதரின் கடைசி ஆசையை நிறைவேற்றுவது தன் கடமை, பர்மிட்டுக்குத் தன் ஓட்டு உண்டு என்று சொன்னபோது மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. என்னைத் தெரிந்தவர்கள், என் வீட்டில் சாப்பிட்டவர்கள், என்னிடம் காருக்கு ஜம்ப்பர் கேபிள் கடன் வாங்கியவர்கள், எல்லாரும் தட்டினார்கள். செத்தவர்கள் வாயில் வார்த்தையைத் திணிப்பது டெல்மரின் தொழில். உயிரோடு இருக்கிறவன் வாயிலும் திணிக்கலாம் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தது எங்கள் தமிழ் மன்றம்.

கீழே இறங்கியவர், நிறுவனரின் மனைவி என்று யாரோ கை காட்ட, நேராகச் சாந்தாமணியிடம் போனார். நெற்றி நிறையக் குங்குமமும் கழுத்தில் தாலியுமாக நின்றவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

“அந்தாளு என்ற கையப் புடிச்சுட்டு அழுவறானுங்க” என்று என்னிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது. “தாலியப் பாத்துக்கிட்டே அழுவறான்.”

கஸ்தூரிரங்கன் எங்கள் இரண்டு பேர் காலிலும் விழாத குறை. “மாமி, மன்னிச்சுக்கோங்கோ. சார், அவன் ஓட்டு இல்லாம பர்மிட் வராது. மூணுக்கு ரெண்டுல நிக்கறது. இப்போ போய் நீங்க உயிரோட இருக்கேள்னு சொன்னா அவனுக்கு அசிங்கமாயிடும். அக்டோபர் ஹியரிங் வரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ.”

“எதை அட்ஜஸ்ட் பண்ணோணும்? சாவையா?”

கயல் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றாள். “டாட், யூ ஆர் டெட் டில் அக்டோபர்” என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சாந்தாமணி எனக்குச் சுற்றிப்போட்டாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று சுற்றுச் சுற்றியும் போதாமல் அவள் மறுபடி சுற்றியதைப் பார்த்தபோது முதன்முறையாக எனக்கு அந்த விஷயம் சிரிப்பாக இல்லை.

அக்டோபர் ஹியரிங்குக்கு வர வேண்டாம் என்று கஸ்தூரிரங்கன் போனில் கெஞ்சினார். போனேன். தொப்பி போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். டெல்மரின் முறை வந்தது. தேர்தலுக்குச் சில வாரங்கள்தான். உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

“இந்த நாட்டை நிறுவியவர்கள் எல்லா மதத்தையும் சமமாக மதித்தவர்கள்” என்று ஆரம்பித்தார். மார்ச் மாதம் அதே நாற்காலியிலிருந்து பேசியது யாருக்கும் நினைவில்லை, அவருக்கும் இல்லை. “இந்தக் கோயிலை நிறுவியவர் மரணப் படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: டெல்மர், அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு அங்குலமும் கடவுளுக்கு. வேறு எதற்கும் ஓர் அங்குலம்கூடக் கிடையாது. அவருடைய அந்த வார்த்தைகள் இந்தச் சபையின் பதிவில் ஏற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.”

ஏற்றினார்கள். எனக்குத் திருமூர்த்தியின் அலமாரிகள் கண்ணில் வந்தன. அதுவரை எல்லாவற்றையும் விழுங்கியவனுக்கு அந்த ஓர் அங்குலத்தை விழுங்க முடியவில்லை. பொதுமக்கள் பேசலாம் என்றார் மேயர். மைக்குக்குப் போனேன்.

“என் பெயர் சேனாபதி. அந்தக் கட்டடத்தை வாங்கியவன் நான். நான் அப்படிச் சொல்லவில்லை.”

டெல்மர் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லை; அனுதாபம்தான் பொங்கியது.

“சகோதரரா?” என்றார். “அதே கண்கள். உங்கள் குடும்பத்தின் துக்கத்தில் நானும் பங்குகொள்கிறேன்.”

“சகோதரன் இல்லை. நான்தான் அவர்.”

“துக்கம் நம்மை இப்படியெல்லாம் பேச வைக்கும்” என்றார் டெல்மர். கூட்டத்தில் ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

நான் திரும்பி எங்கள் ஆட்களைப் பார்த்தேன். மூன்று வரிசை. யாராவது ஒருவர் எழுந்து, இவர்தான் சேனாபதி என்று சொன்னால் போதும். கஸ்தூரிரங்கன் எழுந்தார். மைக்குக்கு வந்து என் தோளில் கையைப் போட்டார். அந்தக் கை வேர்த்திருந்தது.

“கஸின் பிரதர்” என்றார் மேயரிடம். “ஊரிலிருந்து வந்திருக்கிறார். ரொம்ப நெருக்கம்.”

பிறகு என் காதில் தமிழில் சொன்னார். “சார், பில்டிங் போயிடும். உங்க ரூமுக்கு நான் பொறுப்பு. உக்காருங்கோ.”

உட்கார்ந்தேன். அந்த அறைக்காகத்தான் எழுந்தேன், அந்த அறைக்காகத்தான் உட்கார்ந்தேன். மூன்றுக்கு இரண்டு என்று பர்மிட் வந்தது. எங்கள் ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் பழக்கதோஷத்தில் எனக்கும் கை கொடுத்து, நிறுவனரின் ஆசீர்வாதம் என்றார்கள்.

நவம்பரில் டெல்மர் ஜெயித்து, மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்குப் போனார். அங்கே அவருடைய நிறுவனர்கள் என்ன மதத்துக்கு மாறினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஜனவரியில் மன்றத்தின் பொதுக்குழு. பின்னறையை மடப்பள்ளியாக மாற்றுவது என்று ஒரு தீர்மானம். சாமிக்குத் தளிகை செய்ய இடம் போதவில்லையாம். தமிழ் வகுப்பை யார் வீட்டுக் கராஜிலாவது வைத்துக்கொள்ளலாம், புத்தகங்களை யாருக்காவது டொனேட் பண்ணிவிடலாம் என்று பொருளாளர் சொன்னார்.

எழுந்தேன். “கஸ்தூரி, நீங்க ஆணை வெச்சுச் சொன்னீங்க.”

கஸ்தூரிரங்கன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “மறக்கலை, சார். ஆனா கவுன்சில் ரெகார்டுல என்ன இருக்கு? ஒவ்வொரு அங்குலமும் கடவுளுக்குன்னு ஃபவுண்டரோட கடைசி ஆசை. அந்த வார்த்தை மேலதான் பர்மிட்டே நிக்கறது. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்து, இது என்ன லைப்ரரின்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“நான் அந்த ஆசைய ஆசைப்படலீங்களே. உசுரோட முன்னால நிக்கறேன், என்னக் கேளுங்க.”

என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். அப்போது முகிலன் என்கிற பையன் எழுந்தான். போன வருஷம்தான் விசாவில் வந்தவன், என்னை நிறுவனரின் கஸின் என்றே நம்பியிருந்தவன். எங்கள் பக்கத்துப் பிள்ளை, உடுமலைப்பேட்டை. பணிவான பையன், கையைக் கட்டிக்கொண்டுதான் பேசினான்.

“அங்கிள், நான் புதுசுங்க. உங்க வருத்தம் எனக்குப் புரியுதுங்க. ஆனா ஃபவுண்டர் ஆசைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? அத மீறிப் பேசறதுக்கு நாம யாருங்க? போட்டோவுல அவரு மொகத்தக் கொஞ்சம் பாருங்க. இப்படி உருகிப்போய் ஒக்காந்திருக்கற மனுசன், புஸ்தகம் படிக்கறதுக்கா இந்தக் கட்டடத்த வாங்கியிருப்பாரு?”

பார்த்தேன். சிவப்பு பல்புக்குக் கீழே கண் தாழ்த்தி, உதட்டில் சிரிப்போடு உட்கார்ந்திருந்தேன். அந்த ஆட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போதுதான் கைக்கு ஜோக்கர் வந்திருந்தது. அது தெரியாமல் எதிரே திருமூர்த்தி, எந்தச் சீட்டைக் கழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தான். அவன் இப்போது பக்கத்தில் இருந்தால் தரையில் உருண்டு சிரித்திருப்பான். அவன் இல்லாதது அந்த நிமிஷம் எனக்கு நெஞ்சு வலிக்கிற மாதிரி வலித்தது.

மன்றத்தில் குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் கஸ்தூரிரங்கன். தூக்கினேன். நிறுவனரின் விருப்பத்துக்கு எதிராக விழுந்த ஓட்டு அது ஒன்றுதான்.